குதிரைக்கு ஒரு ஏக்கர்

மெல்பர்னின் புறநகரான டார்னெய்டில் பிறந்தநாள் விழாக்களுக்குப் போனால் விக்னராஜா தன் மனைவியை இப்படித்தான் அறிமுகப்படுத்துவான்: "இவ ரதி. ஊரில என்ஜிஓ ஒண்டில வேலை செய்தவ." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று ரதியும் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவள் செய்தது மிதிவெடி அகற்றுகிற வேலை. கிளிநொச்சிக்கு வடக்கே, முகமாலையில், ஏழெட்டு வருடம்.

சண்டை முடிந்து அவளுடைய குடும்பம் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது, கிணற்றடிக்குப் போகிற வழியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தது. கிணறு கண்ணுக்கு முன்னால். தண்ணீர் அள்ளப் போவதோ பக்கத்து ஒழுங்கைக்கு. பிறகொரு நாள் நீல உடுப்பும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். முகக் கவசத்தைக் கழற்றினால் பாதிப் பேர் பெண்கள், ரதியின் வயதுதான். அவர்கள் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கிணற்றை நோக்கி வந்ததை அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாள் முழுக்கப் பார்த்தாள். அவர்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போன அதே கிழமை, வேலை கேட்டு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனாள்.

வெயிலில் அந்தக் கனத்த கவசத்துக்குள் உடம்பு வெந்துபோகும். ஆனால் அவளுக்கு அந்த வேலை கைவந்தது. உலோகம் தேடும் டிடெக்டர் கத்தினால், கத்தின இடத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு சாண் பின்னால் வந்து, பக்கவாட்டில் குழி எடுத்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துக்கொண்டு பொருளை நெருங்க வேண்டும். மேலிருந்து குத்துவது ஒருநாளும் இல்லை. அவளுடைய அணியில் ஒருத்திக்கும் ஒரு கீறல் பட்டதில்லை.

கலியாணம் முற்றாகி விசா வந்து, மெல்பர்னுக்கு வந்தாள். விக்னராஜா நல்லவன். மாணவனாக வந்து, படித்து, இப்போது ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினான், முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்த்துவிட்டான். முகமாலையைப் பற்றி மட்டும் அவன் பேச்செடுப்பதில்லை. அந்தப் பேச்சு அவளை நோகப்பண்ணும் என்று அவனாகவே முடிவுகட்டி வைத்திருந்தான்.

அப்படியிருக்க, அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு மத்தியான இடைவேளையில், அந்தச் சத்தம் கேட்டது.

ரதி நின்றாள். தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

இரண்டு கார் தள்ளி மோனிகா நின்றாள். மோனிகா அங்கே தாதி. ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும். கையில் நீளத் தண்டும் நுனியில் வட்டத் தட்டுமாக ஒரு டிடெக்டர். தரையில் சில்லறைக் காசைப் போட்டு, புது பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னா ஆச்சு உனக்கு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சே."

"அக்கா, உதை நிப்பாட்டுங்கோ."

மோனிகா நிறுத்தினாள். ரதியைக் காரில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் குடித்து முடித்தபிறகு ரதி சொன்னாள். இந்த நாட்டில் முதல்தடவையாக, தான் என்ன வேலை செய்தவள் என்று ஒரு ஆளுக்கு முழுதாகச் சொன்னாள். மோனிகா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடிந்ததும் டிடெக்டரைத் துணியில் சுற்றிக் காரின் பின்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"நான் இத வெச்சு பழைய தங்கச் சுரங்கத்து பக்கம் போறேன். தங்கத்துக்கு இல்ல லா. அந்தக் காலத்து ஆளுங்க போட்டுட்டுப் போன சாமான் இருக்குமே, பொத்தான், காசு, பெல்ட்டு கொக்கி, அதுக்கு. ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. உன் முன்னாடி இனிமே எடுக்க மாட்டேன், சரியா?"

ரதி சரியென்றாள். ஆனால் அந்தச் சத்தம் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சமைக்கும்போது கேட்டது, ரயிலில் போகும்போது கேட்டது. பயம் வரும் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறொன்று. காலையில் கவசத்தை மாட்டிவிடும்போது தோழிகள் அடிக்கும் பகிடி, முன்னால் கயிறு கட்டிப் பிரித்துக் கிடக்கும் ஒரு மீற்றர் அகல லேன், மாலையில் திரும்பிப் பார்த்தால் 'இவ்வளவும் நான் துப்புரவாக்கினது' என்று மனம் நிறைகிற அந்த நேரம், எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. விட்டு வந்த அந்த வேலைக்காக அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே புதினமாக இருந்தது.

ஒரு மாதம் போலப் பொறுத்துப் பார்த்துவிட்டு மோனிகாவிடம் கேட்டாள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை நானும் ஒருக்கா வரட்டோ?"

வீட்டில் சொன்னதும் விக்னராஜா கையில் இருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்தான்.

"விட்டிட்டு வந்த வேலை. ஏன் ரதி திரும்பவும் உதுக்குள்ள போறீர்?"

"அங்க நான் பயந்துகொண்டு இருந்தனான் எண்டுதானே நினைக்கிறியள்?"

"பின்ன?"

"பயமும் இருந்தது. சந்தோசமாயும் இருந்தனான். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

அவன் தேத்தண்ணீரைத் திரும்பக் கையில் எடுத்தான். போக வேண்டாமென்று சொல்லவில்லை.

மோனிகா வழக்கமாகப் போகும் இடம், பல்லரட் நகரத்தைத் தாண்டி டனோலிக்குப் போகிற பாதையில் ஒரு ஆட்டுப் பண்ணை. பண்ணைக்காரர் கொலின், எழுபது தாண்டியவர், நெடுத்த மனிதர். அவருடைய காணியின் மேற்பகுதியில் நூற்றெழுபது வருடத்துக்கு முந்திய தங்கக் குழிகள் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கம்பிவேலி அடித்திருந்தார். கீழ்ப்பகுதியில்தான் தங்கம் தோண்ட வந்தவர்கள் கூடாரம் போட்டு வாழ்ந்தது. அங்கே தேட மோனிகாவுக்கு அனுமதி கொடுத்திருந்தார். கிடைப்பதை எல்லாம் அவரிடம் காட்ட வேண்டும், குழியை மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"மொதல்ல பசியாறு," என்று மோனிகா டப்பாவைத் திறந்தாள். தேங்காய்ப்பால் சோறும் நெத்தலிச் சம்பலும். ரதியால் இரண்டு வாய்க்கு மேல் உண்ண முடியவில்லை.

ஹெட்போனை மாட்டி, தட்டைப் புல்லுக்கு மேலால் வீசி நடந்தாள். பத்தடி போவதற்குள் கத்தியது. அவளுடைய முழங்கால் தானாக மடிந்தது.

"அக்கா, பின்னுக்குப் போங்கோ."

"என்னா?"

"பின்னுக்கு! அந்த மரத்தடிக்கு! நான் கூப்பிடாமல் வரக் கூடாது."

மோனிகா மரத்தடிக்குப் போய் நின்றாள். ரதி குப்புறப் படுத்தாள். ஒரு சாண் பின்னால் குழி எடுத்து, கரண்டியால் மண்ணை வழித்து வழித்து, வியர்த்து ஒழுக ஒழுக நெருங்கினாள். மோனிகா இரண்டு தரம் காலை மாற்றி நின்றாள். கடைசியில் மண்ணுக்குள் இருந்து பளிச்சென்று எட்டிப் பார்த்தது ஒரு பியர் தகர ரின்னின் வளையத் திறப்பு.

ரதி அதை விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினாள். மோனிகா அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள். ரதிக்கும் சிரிப்பு வந்தது. புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அடுத்ததுக்கும் நான் மரத்தடிக்குப் போகணுமா?"

"கொஞ்சம் தள்ளி நிண்டால் போதும் அக்கா."

அன்று மாலைக்குள் சப்பாத்துக் கொக்கி ஒன்றும், பழைய துப்பாக்கியின் ஈயக் குண்டு ஒன்றும், உடைந்த கரண்டியும் கிடைத்தன. ஈயக் குண்டை உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மற்றச் சாமான்களோடு போட்டாள்.

நாலைந்து ஞாயிறுகள் அப்படிப் போயின. ஒருநாள் கொலின் தன் கொட்டகையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது, ஓடைக்கரையோரமாகத் தனியே வேலியடைத்துக் கிடந்த மூலையைக் காட்டி, அங்கே ஏன் ஆடுகளை விடுவதில்லை என்று ரதி கேட்டாள்.

"நல்ல புல் அங்கேதான் இருக்கிறது," என்றார் கொலின். "ஆனால் கூடாரங்கள் எல்லாம் அந்த மூலையில்தான் நெருக்கமாக இருந்தன. ஆணி, கம்பி, லாடம், தகரம் என்று மண் முழுக்க இரும்பு. பத்து வருடத்துக்கு முன் என் குதிரை ஒன்றின் குளம்பில் ஆணி ஏறியது. அதை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு அடைத்த வேலி அது. வசந்தத்தில் என் பேத்தி இங்கே குடிவருகிறாள், தன் குதிரையோடு. அந்த ஒரு ஏக்கர் இருந்தால் குதிரைக்குப் போதும். என்ன செய்ய."

ரதி தேநீரைக் கீழே வைத்தாள். "நான் துப்புரவாக்கித் தருகிறேன்," என்றாள், தன் தட்டுத் தடுமாறுகிற ஆங்கிலத்தில்.

கொலின் சிரித்தார். அவர் வாயில் அவள் பெயர் ராட்டி. "ஆயிரக்கணக்கில் ஆணி இருக்கும், ராட்டி."

"ஓம். ஒவ்வொன்றாய்."

வீடு திரும்பும் வழியில் மோனிகா அலுத்துக்கொண்டாள். "நாங்கல்லாம் இரும்பு கத்தக் கூடாதுன்னு மெஷின்ல செட்டிங் வெச்சுட்டுப் போவோம். நீ இரும்புக்குன்னே போறியா?"

"எல்லாம் கத்தவேணும் அக்கா. ஒண்டையும் விடச் சொல்லாதேங்கோ."

வேலை தொடங்குமுன் கொலின் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்து அம்மையாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் காணியை நடந்து பார்த்தார். பலதரம் உழுது புரட்டிய நிலம், தோண்டத் தடையில்லை; இருந்தாலும் எது எங்கே கிடைத்தது என்று குறித்துத் தந்தால் நல்லது என்றார். ரதிக்கு அது சொல்லித்தர வேண்டிய காரியமில்லை. எடுத்த எதையும் வரைபடத்தில் புள்ளி வைக்காமல் அவள் ஒருநாளும் எடுத்ததில்லை.

குளிர்காலம் முழுக்க அந்த மூலைதான். கட்டைகளை அடித்து, கயிறு இழுத்து, ஒரு மீற்றர் அகல லேன்களாகப் பிரித்தாள். ஒரு ஞாயிறு மோனிகாவுக்கு வேலை முறை வந்துவிட்டது. விக்னராஜா வேண்டாவெறுப்பாகக் கார் எடுத்து வந்தான். காருக்குள் இருந்து கைபேசியைப் பார்த்தான். குளிர் தாங்க முடியாமல் இறங்கி வந்து வேலியோரம் நின்றான்.

ரதி முழங்காலில் இருந்தாள். முதுகு நேராக, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், கை மட்டும் ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. அவன் அவளை விசா அலுவலகத்தில் பார்த்திருக்கிறான், குசினியில் பார்த்திருக்கிறான், விழாக்களில் சேலை கட்டி ஒரு மூலையில் நிற்கக் கண்டிருக்கிறான். இந்த ரதியை அவன் கண்டதில்லை.

"நான் என்ன செய்ய?" என்று கேட்டான்.

"வாளியைப் பிடியுங்கோ. கயிற்றுக்கு இஞ்சால வரவேண்டாம்."

பின்னேரம் வரை வாளி பிடித்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவன் வீட்டில் நிற்கவில்லை. கயிறு இழுப்பது அவனுடைய பொறுப்பாயிற்று.

இரும்பு வாளி வாளியாக வந்தது. இடையிடையே பழைய மனிதர்களின் சாமான்களும் வந்தன: நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசு ஒன்று, பித்தளைப் பொத்தான்கள், புகைபிடிக்கும் பைப்பின் தகர மூடி. ஒருநாள் வரிசையாகப் பிளவுகள் வெட்டிய சிறு பித்தளைத் தகடு ஒன்று கிடைத்தது. என்னவென்று தெரியவில்லை. கொலினிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், குசினித் தொட்டியில் வைத்துப் பழைய பல்துலக்கியால் மண்ணைக் கழுவினாள். விக்னராஜா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது மவுத் ஓர்கனுக்கு உள்ள இருக்கிற தகடெல்லே!"

உதட்டில் வைத்து ஊதினான். காற்றுத்தான் வந்தது. ஒவ்வொரு பிளவாக நகர்த்தி ஊதினான். கடைசிக்கு முந்தியதில், மெல்லிசாக, கரகரத்து, ஒரு சுரம் எழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் அவளிடம் நீட்டினான். அவள் ஊதினாள். மறுபடியும் வந்தது.

"எந்த ஊரில இருந்து வந்தவனோ," என்றாள் ரதி. "வேலை முடிய, கூடாரத்து வாசலில இருந்து ஊதியிருப்பான்."

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்த ஆணி வந்தது.

பாதிக்கு மேல் முடிந்திருந்தது. முடிந்த பக்கத்தில் கொலின் சும்மா ஒரு தரம் காந்தச் சட்டத்தை இழுத்துப் பார்த்தார்; பண்ணையில் விழுந்த ஆணி பொறுக்க வைத்திருப்பது. சட்டத்தில் ஒரு ஆணி ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்டுவிரல் நீளம்.

ரதியின் முகம் செத்துப்போயிற்று. "இந்தப் பக்கம் முழுக்கத் திரும்பச் செய்யவேணும்."

"ஒரு ஆணிதான் லா!" என்றாள் மோனிகா. குளிரில் அவளுடைய முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "ரெண்டு மாசம் இங்க மண்டி போட்டிருக்கேன். ஒரு ஆணிக்காக மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"அங்க ஒண்டு தவறினால் முழுக் காணியும் திரும்பச் செய்வம் அக்கா."

"இது அங்க இல்ல ரதி! இது ஆணி. வெடிக்காது."

"குதிரைக்குத் தெரியுமோ?"

மோனிகா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்க் காரில் ஏறினாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. வேலை இடத்திலும் தேவைக்குத்தான் பேசினாள்.

ரதி ஆணி கிடந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்று பார்த்தாள். ஏன் தவறியது? அந்த இடத்தில் புல் கொத்தாகத் தடித்து வளர்ந்திருந்தது. தட்டை அதற்கு மேலால் தூக்கி வீசியிருக்கிறாள். புல்லடியில் கிடந்த ஆணி அதற்கு எட்டவில்லை; கனத்த காந்தச் சட்டம் புல்லை அமுக்கிப் போனதால் அதில் ஒட்டியது. முகமாலையில் முதலில் புல்லை ஒட்ட வெட்டிவிட்டுத்தான் தொடங்குவார்கள். இங்கே அதைச் செய்யவில்லை. அவளுடைய பிழை. கொலினிடம் போய் அதைச் சொன்னாள். அவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, மூலை முழுவதையும் மொட்டையடித்தாற்போல வெட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு, ரதியும் விக்னராஜாவும் போய் இறங்கியபோது மோனிகா ஏற்கனவே அங்கே இருந்தாள். முழங்காலுக்கு இரண்டு தடித்த மெத்தைகள் கட்டியிருந்தாள். முதல் லேனின் தொடக்கத்தில் கயிறு இழுத்து, கட்டை அடித்துவிட்டிருந்தாள்.

"அக்கா..."

"பேசாத. வேலையப் பாரு." கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: "நம்ம இல்லத்துல மருந்து குடுக்கறப்ப, பேரை மூணு தடவை பார்க்கறேன். தெரிஞ்ச ஆளுதான், இருந்தாலும் பார்க்கறேன். ஒரு தடவ விட்டா என்னான்னு யாராச்சும் கேட்டா எனக்குக் கோவம் வரும். அப்பதான் வெளங்குச்சு."

திரும்பச் செய்த பக்கத்தில் இன்னும் ஐந்தாறு ஆணிகள் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் மோனிகா ரதியைப் பார்ப்பாள். ரதி அதை வாளியில் போட்டுவிட்டு அடுத்த அடிக்கு நகர்வாள்.

வசந்தம் பிறந்து, ஓடைக்கரையில் மஞ்சள் பூக்கள் கொட்டத் தொடங்கிய ஒரு ஞாயிறு வேலை முடிந்தது. வரலாற்றுச் சங்கத்து அம்மையார் வந்து வரைபடத்தையும் சாமான்களையும் வாங்கிக்கொண்டார். மவுத் ஓர்கன் தகட்டை ஒருதரம் ஊதிப் பார்க்கவும் செய்தார். கொலின் காந்தச் சட்டத்தை மேலும் கீழுமாக ஏக்கர் முழுக்க இழுத்தார். நிமிர்த்திக் காட்டியபோது அதில் இரும்பு கலந்த கருஞ்சிவப்புக் கற்பொடி மட்டும் ஒட்டியிருந்தது. ரதி அதையும் நகத்தால் கிளறிப் பார்த்த பிறகுதான் தலையசைத்தாள்.

குதிரையைப் பிடித்துக்கொண்டு கொலினின் பேத்தி படலையடியில் நின்றாள். பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரரும் வேலியோரம் நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

"எங்கட இடத்தில, காணியைக் குடுக்கேக்க முதல்ல நாங்கள் நடப்பம்," என்றாள் ரதி, மோனிகாவிடம். "நாங்கள் நடந்தால்தான் சனம் நம்பும்." சொல்லிவிட்டுச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். வெறுங்காலோடு ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலை வரை நடந்தாள். மோனிகாவும் கழற்றிவிட்டு, "ஐயோ சில்லுன்னு இருக்கு" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். விக்னராஜா வேலியடியில் நின்று கொலினின் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ரதிக்குக் கேட்டது: "என் மனைவி மிதிவெடி அகற்றியவள். எட்டு வருடம். ஒரு விபத்துக்கூட இல்லை."

குதிரையை விட்டார்கள். அது நாலடி நடந்து, மண்ணை முகர்ந்து, முன்னங்காலை மடித்து, பொத்தென்று விழுந்து மல்லாந்து புரண்டது. நாலு குளம்பும் வானத்தில் உதைத்தன. வயிறு குலுங்கப் புரண்டு எழுந்து, தூசியை உதறிவிட்டு மேயத் தொடங்கியது.

ரதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய கால்விரல்களுக்கிடையில் ஈரமண் ஒட்டியிருந்தது.

மோனிகா வந்து தோளில் தட்டினாள். "அந்தத் தொப்பி போட்ட அம்மா இருக்காங்கல்ல, பக்கத்துப் பண்ணை. அவங்க ஆட்டுக்குட்டி விடற எடத்துலயும் இதே தொல்லையாம். நீ வந்து பார்ப்பியான்னு கேக்கறாங்க."

"எவ்வளவு காணியாம்?"

"இதவிட ரெண்டு பங்கு இருக்கும்ங்கறாங்க. என் முட்டி போச்சு போ."

விக்னராஜா கட்டைகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தான். "ரதி, கயிறு மண்ணாய்க் கிடக்கு. கழுவிக் காயவைச்சு கராஜில வைக்கட்டோ?"

"வேண்டாம்," என்றாள் ரதி. "அப்பிடியே காரில போடுங்கோ."